மூன்று முந்திரி, ஒரு சூனியக்காரி: மாய உருவங்களுக்கு எந்தப் பதிப்பின் விதி?

எங்கள் ஆட்டத்தில் மாய உருவத்துக்கு முந்திரிப்பருப்புதான் காய். ஞாயிறு மாலைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியில் கூடி ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். இருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பதால் முந்திரிக்குப் பஞ்சமில்லை. தன்னைப் போலவே தோன்றும் போலி உருவங்களை எழுப்பும் ‘மிரர் இமேஜ்’ மந்திரத்தை யாராவது சொன்னால் அவருடைய பொம்மையைச் சுற்றி மூன்று பருப்பு வைப்போம். உருவம் ஒன்று அழிந்தால், அழித்தவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் இதிலேயே சண்டை வந்தது. கதையையும் எதிரிகளையும் நான் நடத்திய ஆட்டத்தில் ஒரு சூனியக்காரி மூன்று உருவங்களோடு நின்றாள். முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர், தவறாமல் பாயும் மாய அம்புகளான ‘மேஜிக் மிஸைல்’ மந்திரத்தை ஏவிவிட்டு, மூன்று அம்புக்கு மூன்று பருப்பு என்று கையை நீட்டினார். நான் தட்டை இழுத்துக்கொண்டேன். மூன்று அம்பும் சூனியக்காரியின் உடம்பிலேயே பாய்ந்தன, உருவங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அவருக்குக் கிடைத்தது லாபம்தான். ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது. “அண்ணா, எது நிஜம் என்று தெரியாமல் நான் எப்படி அவளைக் குறிவைத்தேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த வாரம் பழைய, புதிய விதிநூல்களை எல்லாம் மாடிக்கு ஏற்றினோம்.

அவர் கல்லூரிக் காலத்தில் ஆடியது 2003இல் வந்த மூன்றரையாம் பதிப்பு. அதில் உருவங்களின் எண்ணிக்கையே பகடையில்தான் பிறக்கிறது: நான்கு முகப் பகடையில் விழும் எண், அதோடு மந்திரவாதியின் தேர்ச்சி நிலையில் (லெவல்) மூன்றுக்கு ஒன்று, அதிகபட்சம் எட்டு. 9ஆம் நிலை மந்திரவாதியைச் சுற்றி நான்கு முதல் ஏழு உருவங்கள் நிற்கும், அதுவும் ஒன்பது நிமிடம். வாளால் வெட்டுகிறவர் மட்டுமல்ல, மந்திரவாதிமேல் மந்திரம் ஏவுகிறவரும் இந்தக் கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்களுக்கு முன்னால் தமயந்தி நின்ற நிலை இதுதான். தேர்ந்தெடுத்தது போலியாக இருந்தால் மந்திரம் வீண். மூன்று அம்பை மூன்று உருவத்துக்குப் பிரித்து அனுப்பலாம் என்று நண்பர் நம்பியதும் இந்த விதியால்தான்.

கதைக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை என்பேன். சுற்றியிருக்கும் எல்லோரையும் எரிக்கும் ஃபயர்பால் வெடித்தால் உருவங்கள் அழியாது, ஆனால் கருகியது போலவும் செத்தது போலவும் நடிக்கும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தபோது மாடியில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆடிப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. ஏழு உருவம், நான்கு ஆட்டக்காரர், ஒவ்வொருவருக்கும் இரண்டு வெட்டு என்றால் ஒரு சுற்று முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். அதைவிடப் பெரிய குறை, ஒருவரைக் குறிவைக்கும் மந்திரங்களும் இதில் தொலைந்துபோவது. மந்திரங்களின் வரிசையில் கீழே, இரண்டாம் நிலையில் இருக்கும் ஒன்று இவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தால் எதிராளிக்கு என்னதான் மிச்சம்?

மூன்றரையாம் பதிப்பை ஒட்டி 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம் இந்த ஓட்டையைத்தான் சரிசெய்தது. தாக்குதல் உருட்டு (அடி படுகிறதா என்று பார்க்க உருட்டும் பகடை) கேட்கும் மந்திரம் மட்டுமே உருவத்தின்மேல் திசைமாறும். உருட்டு கேட்காதது நேராக மந்திரவாதியைப் பிடிக்கும், உருவங்களைத் தொடாது. இன்னொரு அழகும் உண்டு: அடி பட உருட்டு எட்ட வேண்டிய கவச எண்ணுக்கு ஐந்து அல்லது அதற்கும் குறைவாகத் தவறிய வெட்டு, போகிற போக்கில் ஓர் உருவத்தைக் கிழித்துவிட்டுப் போகும். மயிரிழையில் தப்பிய வெட்டுக்கும் ஒரு பருப்பு கிடைக்கிறது என்பதால் எங்கள் கூட்டத்தில் இதற்கு ஏகப்பட்ட ஆதரவு. எண்ணிக்கை மட்டும் அதே எட்டு வரை போகும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு, 2014இல், உருவங்களை மூன்றோடும் நேரத்தை ஒரு நிமிடத்தோடும் நிறுத்தியது. யாராவது தாக்கினால் இருபது முகப் பகடை உருட்ட வேண்டும்: மூன்று உருவம் இருந்தால் 6, இரண்டு என்றால் 8, ஒன்று என்றால் 11, அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி உருவத்துக்குத் திரும்பும். பிறகு உருவத்தின் கவச எண்ணை எட்ட வேண்டும். அது 10உடன் சுறுசுறுப்புக்கான கூட்டல் எண் சேர்ந்தது. தாக்குதல் பட்டால் மட்டுமே உருவம் அழியும், வேறு எதற்கும் அசையாது. மேஜிக் மிஸைலுக்குத் தாக்குதல் உருட்டே கிடையாது. ஆகவே என் தீர்ப்பு இந்தப் பதிப்புப்படி சரி. ஃபயர்பால், ஆளை அசையவிடாமல் நிறுத்தும் ஹோல்ட் பெர்சன் எல்லாம் அதே கணக்கு. நெருப்புக் கதிர்களை ஏவும் ஸ்கார்ச்சிங் ரே மட்டும் ஒவ்வொரு கதிருக்கும் தனி உருட்டு என்பதால் ஒவ்வொன்றும் பருப்பைத் தட்டலாம்.

ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தத்தில் வரிசையே தலைகீழ். முதலில் அடி உங்கள்மேல் பட வேண்டும். பட்ட பிறகு, மிச்சமுள்ள உருவம் ஒன்றுக்கு ஓர் ஆறுமுகப் பகடை. ஏதாவது ஒன்றில் 3 அல்லது மேலே விழுந்தால் அடியை உருவம் வாங்கிக்கொண்டு அழியும். மூன்று உருவத்தோடு தப்பிக்கும் வாய்ப்பு 27இல் 26. பழைய விதியில் நான்கில் மூன்றுதான்.

இந்த இரண்டுக்கும் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எதிரி தன் தாக்குதல் உருட்டோடு கூட்டுவது 5, மந்திரவாதியின் கவச எண் 15, உருவத்துக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014 விதியில் மூன்று உருவங்களும் தீரும்வரை சராசரியாக ஏழு தாக்குதல் பிடிக்கும். அதில் தடுக்கப்படுவது ஏறக்குறைய 2.4 அடி. 2024இல் மூன்றும் தீர்ந்தால் தடுக்கப்பட்டது சரியாக மூன்று அடி. இரும்புக் கவசம் அணிந்த 18 எண் வீரருக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. சுறுசுறுப்பு சாதாரணமாக இருந்தால் அவருடைய உருவத்தின் எண் வெறும் 10. அவர்மேல் எப்படியும் படாத வெட்டுகள்கூடப் பழைய விதியில் உருவங்களைத் தின்றுவிடும்; அவருக்கு மிஞ்சுவது ஒன்றரை அடிதான். புதிய விதியில் அவருக்கும் மூன்று. உடம்பை மங்கலாக்கி அடியைத் தவறவைக்கும் ‘ப்ளர்’ மந்திரத்தோடு ஒப்பிட்டால், இரண்டு பதிப்பிலுமே மிரர் இமேஜுக்கு மனஒருமை (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கு மட்டுமே தர முடிகிற கவனம்) தேவையில்லை; ப்ளருக்குத் தேவை. அது ஒன்றே போதும், மேலே பேச வேண்டாம்.

கண்ணை மூடிக்கொள்ளும் தந்திரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். 2014 விதிப்படி பார்க்க முடியாதவரை உருவங்கள் ஏமாற்ற முடியாது. மேலே சொன்ன எண்களில், மூன்று உருவம் இருக்கும்போது கண் திறந்து அடித்தால் நிஜ ஆள்மேல் படும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினான்கு. கண்ணை மூடிக் குருட்டாம்போக்கில் அடித்தால், பாதகமாக இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுத்தாலும், முப்பது! ஒரே உருவம் மிஞ்சினால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். என் பூதக் கூட்டம் ஒருமுறை இப்படிச் செய்தபோது ஆட்டக்காரர்கள் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். விதியில் இடம் இருக்கிறது. கண்ணை மூடிய பூதத்தை மற்றவர்கள் சாதகமாக, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்து, அடிக்கலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. மூன்றரையாம் பதிப்பிலும் இந்த வழி உண்டு, பாதிக்குப் பாதி தவறும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எது நிஜம் என்று தெரியாமல் எப்படிக் குறிவைப்பது? கதைக்குள் நின்று பதில் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கண் இமைப்பதையும், கால் தரையில் படுவதையும், மாலை வாடுவதையும் பார்த்துத் தமயந்தி கண்டுபிடித்தாள். ஐந்தாம் பதிப்பில் அப்படி உற்றுப்பார்த்துப் பிரிப்பதற்கு ஓர் உருட்டுகூட இல்லை. மாயையைத் துளைக்கும் ட்ரூசைட் போன்ற பார்வை இருந்தால் உண்டு. ஆட்டமாகப் பார்த்தால் பதில் எளிது. வாளும் அம்பும் படாத மந்திரவாதியை அடிக்க ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். மூன்றரையாம் பதிப்பு மந்திரங்களின் வாசலையும் சேர்த்து அடைத்தது. மற்றவை அதைத் திறந்து வைத்தன. நான் திறந்த வாசலின் பக்கம்.

இப்போது மாடியில் ஆடுவது 2024இன் பகடை. வேகம், கவசம் போட்டவருக்கும் நியாயம் என்ற இரண்டு காரணத்துக்காக. பாத்ஃபைண்டரின் மயிரிழை விதியை ஒட்டவைக்கச் சொன்னவர்களிடம் முடியாது என்றேன். இரண்டையும் சேர்த்தால் ஒரே சுற்றில் தட்டு காலி. கருகியது போல நடிக்கும் உருவங்களை மட்டும் பழைய நூலிலிருந்து எடுத்துக்கொண்டேன், அது யாருக்கும் செலவில்லாதது.

மேஜிக் மிஸைலுக்கு இன்றும் பருப்பு கிடையாது. முத்தியால்பேட்டைக்காரர் அடுத்த ஞாயிறு சொந்தமாக ஒரு பொட்டலம் முந்திரி வாங்கி வந்து, மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அம்புக்கும் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.