உதகைக் குளிருக்கு ஃபேன் ஹீட்டரா, ஆயில் ஹீட்டரா?

உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் விடியற்காலையில் புல்வெளி வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி விழும். மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, கார்பன் மோனாக்சைடு நச்சினால் உயிரிழப்பவர்கள் மலைப்பகுதிகளில் இன்றும் உண்டு என்பதால், அந்த வழியை நாங்கள் நினைத்துப் பார்த்ததேயில்லை. எழுபத்தெட்டு வயதாகும் அம்மாவின் அறைக்காக முதலில் சூடான காற்றை விசிறியால் ஊதும் ஃபேன் ஹீட்டரும், அடுத்த குளிர்காலத்தில் எண்ணெய் அடைத்த உலோகப் பட்டைகளைச் சூடாக்கும் ஆயில் ஹீட்டரும் வாங்கினோம். இரண்டையும் பயன்படுத்திய பிறகு நான் ஆயில் ஹீட்டரின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஃபேன் ஹீட்டரின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. விலை குறைவு, ஒரு கையால் தூக்கிவிடலாம், போட்டவுடன் சூடு வரும். குளித்துவிட்டு வந்து உடை மாற்றும் பத்து நிமிடங்களுக்கு அதை மிஞ்சியது இல்லை.

ஆயில் ஹீட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று கடையில் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டருக்குள் போனாலும் ஏறத்தாழ அதே அளவு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. ஆயிரம் வாட்டில் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் இரண்டுக்குமே எட்டு யூனிட்தான். எனவே மின்கட்டணத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இரவு முழுவதும் ஓடவிட முடியுமா என்ற ஒரே கேள்விதான். ஃபேன் ஹீட்டர் ஓடும் வரை இரைச்சல் நிற்காது. அறை போதிய அளவு சூடானதும் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் அதை நிறுத்தினாலோ சில நிமிடங்களிலேயே அறை மீண்டும் சில்லிட்டுவிடும். அம்மா இரவில் இரண்டு முறை எழுந்து அதை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். கம்பளி நூலும் தூசும் உள்ளே போய்ப் படிந்து, போட்டவுடன் கருகிய வாடை வரும். மாதம் ஒரு முறை தூரிகையால் துடைத்தால்தான் அது அடங்கும். ஆயில் ஹீட்டரோ அறையைச் சூடேற்ற அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சூடேறிய எண்ணெய் எளிதில் ஆறுவதில்லை என்பதால், இரவில் மின்சாரம் போனாலும் அதன் பட்டைகள் நெடுநேரம் கதகதப்பாகவே இருக்கின்றன. எட்டு மணிக்கே போட்டுவிட்டு, அம்மா படுக்கும்போது குறைந்த நிலைக்கு மாற்றிவிடுகிறோம். அவ்வப்போது கேட்கும் ‘டக்’ என்ற சிறு ஒலியைத் தவிர வேறு சத்தமில்லை. எண்ணெய் ஊற்ற வேண்டுமா என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அது உள்ளேயே அடைக்கப்பட்டது, ஊற்றவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். பட்டைகளின் மேல் துணி காயப் போடுவதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

இரவு முழுவதும் ஓடவிடுவதென்றால் பிளக்கையும் பார்த்தாக வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. முதல் குளிர்காலத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிய ஃபேன் ஹீட்டரின் பிளக்கை ஒரு காலையில் பிடுங்கியபோது கை சுட்டது. பாக்ஸின் துளை ஓரம் பழுப்பேறி இளகியிருந்தது. அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, தடித்த வயரில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றைத் தனியாகப் போட்டோம். பழைய வீடுகளில் இருப்பவர்கள் எந்த ஹீட்டர் வாங்கினாலும் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

செந்நிறமாய் ஒளிரும் ராடு ஹீட்டரை உறவினர் வீட்டில் சில மாலைகள்தான் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்தவரின் முழங்காலுக்கு இதமாக இருந்தது, முதுகுக்குக் குளிர் குறையவில்லை. அதை நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆனாலும் போர்வை நழுவி விழக்கூடிய படுக்கையறையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபேன் ஹீட்டரை நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. உடை மாற்றும் அறையில் இன்றும் காலையில் பத்து நிமிடம் ஓடுகிறது.