கால் தமனி அடைப்பு: எந்த ரத்தக் குறியீட்டை நம்பலாம்?

கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். கால் தமனி அடைப்பு உள்ளவர்கள் பலர் சொல்வது இதுதான். நடக்கும்போது ரத்தம் போதாமல் தவித்த தசையில், நின்றதும் ரத்தம் மறுபடி பாயும். அப்போது ஃப்ரீ ராடிக்கல்கள் எனும், எதோடும் சட்டென வினைபுரியும் மூலக்கூறுகள் பெருகிக் கொழுப்பைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலின் தடயத்தைப் பிடிக்க மூன்று குறியீடுகள் போட்டியிடுகின்றன.

எம்.டி.ஏ. (மலோன்டைஆல்டிஹைடு), கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் உடையும்போது மிஞ்சும் பொருள். அளப்பது மலிவு. சீரத்தோடு (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். 532 நானோமீட்டரில் அளந்துவிடலாம். சாதாரண கல்லூரி ஆய்வகமே போதும். ஆனால் ரத்தத்தில் உள்ள சியாலிக் அமிலம், பிலிருபின் எல்லாம் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு வினைபுரியும். போதாக்குறைக்கு, கொதிக்க வைப்பதே கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அளக்க வந்ததை நாமே உண்டாக்குகிறோம்!

ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.-ஐ (‘கெட்ட கொலஸ்ட்ரால்’) எலைசா எனும் எதிர்ப்பொருள் சோதனைக் கிட்டில் அளக்கலாம். தமனிச் சுவரில் நடப்பதற்கு நெருக்கமானது என்பது இதன் பலம். சிக்கல், எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதைக் கொடுப்பார்கள். எல்.டி.எல். குறைந்தாலே இதுவும் குறையும், ஆக்சிஜனேற்றம் குறைந்ததாகத் தோன்றும். மொத்த எல்.டி.எல்.-க்கு எத்தனை பங்கு என்று கணக்கிட்டுப் பார்க்காத முடிவை நான் ஏற்க மாட்டேன்.

என் ஓட்டு எஃப்2-ஐசோபுரோஸ்டேனுக்கு. 1990-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாரோவும் ராபர்ட்ஸும் அடையாளம் கண்டது. அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை ஃப்ரீ ராடிக்கல்கள் நேரடியாகத் தாக்கும்போது உருவாகிறது; பெரும்பகுதிக்கு சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி தேவையில்லை. அதனால் அந்த நொதியைத் தடுக்கும் ஆஸ்பிரினைத் தினமும் போடுகிறவரிடமும் அளவு பெரிதாகக் குழம்பாது. இந்த நோய்க்கு இது பெரிய வசதி. ஆனால் மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும், செலவு கூடும். பிளாஸ்மாவை எடுத்தவுடன் பி.எச்.டி. (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்து மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வைக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே புதிதாக உருவாகும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் சிறுநீரில் பார்த்து, கிரியேட்டினினோடு ஒப்பிடலாம். புகைபிடிப்பதை அவசியம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புகையை விட்ட இரண்டே வாரத்தில் இதன் அளவு இறங்கும்.

சரி, நோயைக் கண்டுபிடிக்க? மூன்றுமே வேண்டாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புகை எதுவானாலும் இவை ஏறும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். அளவு ஏறியிருக்கிறதே என்று வைட்டமின் ஈ மாத்திரைக்கு ஓடவும் வேண்டாம். கால் தமனி நோயாளிகளையும் சேர்த்து நடந்த ஹோப் ஆய்வில் தினம் 400 யூனிட் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2000-இலேயே வெளியான முடிவு அது.