சின்ன உப்புத் தொட்டியில் பாசி: ஓட்டத்தைக் கூட்டுவதா, நத்தை விடுவதா?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கடல்நீர் மீன்தொட்டி கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக உள்ளே நிற்பது 45 லிட்டர் சொச்சம்தான். இந்த அளவுத் தொட்டியில் பாசி ஏறிவிட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: பெரிய பம்ப் போடு, நத்தை விடு, பாஸ்பேட் உறிஞ்சும் சரக்கு வாங்கிப் போடு. எல்லாமே பலிக்கும் வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதப் பாசிக்கு. அதைப் பார்க்காமல் செலவு செய்தால் பணமும் போகும், பாசியும் இருக்கும்.

கல்லிலும் மணலிலும் சிவப்பாக, வழவழவென்று படர்ந்து, மேலே சின்னக் குமிழிகள் நிற்கிறதா? குழாயால் உறிஞ்சினால் தோல் உரிவதுபோல் மொத்தமாக வருகிறதா? அது சயனோபாக்டீரியா. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா அது. தண்ணீர் அசையாமல் கழிவு தேங்கும் மூலையில்தான் பெரும்பாலும் பிடிக்கும். இதற்கு ஓட்டம்தான் முதல் வைத்தியம்.

பச்சையாக, இழை இழையாக, இழுத்தாலும் கல்லை விடாமல் நிற்பது முடிப்பாசி. இதற்கு ஓட்டம் மட்டும் போதாது; நல்ல ஓட்டத்தில் இது இன்னும் செழிப்பாகவே வளரும். தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியே போக வேண்டும், அல்லது யாராவது மேய வேண்டும். புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூள் டயட்டம். தண்ணீரில் சிலிகேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதற்காக எதையும் வாங்காதீர்கள்.

ஓட்டம் கொடுக்க என்ன வழி?

மென்பவளம் வளர்க்கிறவர்கள் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு தண்ணீர் சுழல வேண்டும் என்பார்கள். நம் தொட்டிக்கு மணிக்கு 500 முதல் 1000 லிட்டர் வரை. இதைத் தொட்டி விளிம்பில் தொங்கும் பில்டரே தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும். எண்ணிக்கையில் சரிதான். ஆனால் அந்தத் தண்ணீர் மேல்மட்டத்தில் விழுந்து அங்கேயே சுற்றிவிட்டுப் போய்விடும். கல்லுக்குப் பின்னால் அசைவே இருக்காது. பெரிய பம்ப் போட்டு மூக்குக் குழாய் வழியாகத் தள்ளினால் எட்டும், ஆனால் ஒல்லியான வேகமான பீச்சலாக வரும். எதிரே இருக்கும் பவளத்தின் சதையைக் கிழித்துவிடும், அடியில் மணலையும் குழி பறிக்கும்.

வேவ்மேக்கர் விசிறி இறக்கையால் தண்ணீரைத் தள்ளுவது. அகலமாக, மெத்தென்று தள்ளும். சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். அதிலும் டி.சி. மோட்டார் உள்ளதாக, வேகத்தைக் குறைக்க முடிந்ததாக வாங்குங்கள். மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் மாடலை முழு வேகத்தில் வைத்தால் 45 லிட்டர் தொட்டியில் மணல் புயல்தான். குறுகிய பக்கக் கண்ணாடியில், மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி ஒட்டுங்கள். நீர்ப்பரப்பு நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ஒரு ஊசிக்குழலில் கொஞ்சம் மீன் தீவனத் தண்ணீரை எடுத்து மூலைமூலையாகப் பீச்சிப் பாருங்கள். எங்கே துகள் இறங்கி உட்காருகிறதோ அங்கேதான் சிவப்பு வரும். கற்களைப் பின்கண்ணாடியில் சாய்க்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குவது காசில்லாத ஓட்டம். பம்ப் வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

காற்று பம்ப் இன்னொரு வழி. ஓட்டம் சொற்பம். குமிழி உடைந்து தெறிக்கும் உப்பு மூடியிலும் விளக்கிலும் பிளக்கிலும் படிந்துகொண்டே இருக்கும். தினசரி உபயோகத்துக்கு வேண்டாம். ஆனால் பேட்டரியில் ஓடும் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். பராமரிப்பு மின்தடை என்று காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். 25 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 6.2தான். அந்த நேரத்தில் பரப்பு அசையாமல் நின்றால் மீன் மேலே வந்து வாய் திறக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். டி.சி. வேவ்மேக்கரைப் பொருத்தமான பேட்டரியில் நேரடியாகவே ஓட்டலாம்.

சூட்டுக்கு நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி போதும். கோடையில் நம் உள்நாட்டுப் பக்கத்துக் காற்று கடலோரத்தைவிட உலர்ந்தது என்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெளிச்சத்தையும் பாருங்கள். முற்றத்து வெயில் விழும் வளவில் தொட்டி வைத்தால் எந்தப் பம்பும் காப்பாற்றாது. கனத்த சுவருள்ள உள்ளறை சூட்டுக்கும் நல்லது, பாசிக்கும் நல்லது.

இனி முடிப்பாசி. நத்தை, கீட்டோ என்ற கடற்பாசி, ஜி.எஃப்.ஓ. என்ற பாஸ்பேட் உறிஞ்சும் சரக்கு மூன்றும் செய்வது வேறு வேறு வேலை. நத்தை மேயும், ஆனால் தின்றதைக் கழிவாகத் திருப்பி அதே தண்ணீரில்தான் விடும். ட்ரோகஸ் நத்தை நல்லது, கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியா கவிழ்ந்தால் நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். நீண்டு வளர்ந்த இழையைப் பெரும்பாலான நத்தைகள் தொடாது. முதலில் இழையைக் கையால் பிடுங்கிவிட்டு அப்புறம் நத்தையை விடுங்கள்.

ஜி.எஃப்.ஓ. என்பது இரும்பு ஆக்சைடு மணி, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். வேகமானது. சின்னத் தொட்டியில் அந்த வேகமே ஆபத்து. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருக்கட்டும். இரண்டும் பூஜ்யத்துக்குப் போனால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்பு வழவழப்பு நுண்ணுயிர் வரும். அதற்கு முடிப்பாசியே தேவலை.

கீட்டோ சுருள் சுருளாக வளரும் பச்சைக் கடற்பாசி. தொங்கும் பில்டர் பெட்டியிலேயே ஒரு கைப்பிடி போட்டு, இரவில் மட்டும் அதற்குச் சின்ன விளக்கு போடுங்கள். முடிப்பாசி தின்ன வேண்டிய நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இது தின்று வளரும். வளர்ந்ததில் பாதியை வெட்டி எறியும்போது அவையும் வீட்டைவிட்டுப் போகின்றன. இரவு விளக்கால் ஆக்சிஜனும் கிடைக்கும். மெதுவான வழிதான், ஆனால் நான் இதைத்தான் சொல்வேன். காலர்பா என்ற இன்னொரு கடற்பாசி வேண்டாம், சில சமயம் ஒரே நாளில் இனப்பெருக்கத்துக்கு உடைந்து, சேர்த்து வைத்த சத்தையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிடும்.

இதெல்லாம் செய்தும் பாசி குறையவில்லை என்றால் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் போர்த் தண்ணீர் கடினம். குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திருப்பிக் கலப்பார்கள். மெம்பிரேனுக்குப் பின், மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று போட்டு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பூஜ்யமாக எடுங்கள். செம்பு சேர்க்கும் ஆர்.ஓ. என்றால் தொடவே கூடாது. நத்தையும் இறாலும் பவளமும் செம்பில் செத்துவிடும். செம்பு, பித்தளை அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீரும் அப்படித்தான்.

தொண்டிக் கடற்கரை பக்கம்தானே, கடல்தண்ணீரே கொண்டுவரலாமே என்று கேட்பார்கள். பாக் விரிகுடாக் கரை ஆழமில்லாதது, கலங்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர உப்பும் இறங்கும். வரும்போதே பாசிக்கான சத்தோடு வரும். வாரம் 5 லிட்டர் மாற்ற, லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வீதம் 200 கிராம் மீன்தொட்டி உப்பு போதும். சமையல் உப்பு அல்ல. முந்தின நாளே ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஒரு பம்பால் இரவு முழுக்கச் சுழலவிட்டு, காலையில் அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று அளந்து ஊற்றுங்கள்.