பாலுக்குப் பூனை காவலா? டிஜிட்டல் வெல்பீயிங் குறித்து ஒரு மதிப்புரை

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகள் பகுதியில், பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராத டிஜிட்டல் வெல்பீயிங் என்னும், கைப்பேசிப் பயன்பாட்டைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த உதவும் வசதி இருக்கிறது. 2018 மே மாதம் கூகுள் இதை அறிவித்தபோது, யூடியூப் விளம்பரங்களால் வருவாய் ஈட்டும் நிறுவனமே நம் நேரத்தைக் காக்க முன்வருவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகத்தான் எனக்குப் பட்டது. இருந்தாலும், வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்துபவன் என்ற முறையில் ஆறு மாதமாக இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது, கைப்பேசியை எத்தனை முறை திறந்தோம், எத்தனை அறிவிப்புகள் வந்தன என்பவற்றை இது நாள்தோறும் காட்டுகிறது. நேரத்தைவிடத் திறந்த எண்ணிக்கையே என்னை உறுத்தியது. ஏனெனில் மெய்ப்பிலிருந்து அரை நிமிடம் கண்ணை எடுத்தாலும், அந்தப் பத்தியை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

செயலிகளுக்கு நேர வரம்பு வைக்கும் டைமர் பெயரளவுக்கே பூட்டு. யூடியூப்புக்கு 30 நிமிடம் என வைத்தால், அது தீர்ந்ததும் அதன் சின்னம் சாம்பல் நிறமாகி, நள்ளிரவு வரை செயலி திறக்காது. ஆனால் வரம்பை வைத்த விரலாலேயே அதை நீக்கவும் முடியும். அந்தச் சாவியை நான் எத்தனை முறை எடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விடுவது நல்லது.

நான் பரிந்துரைப்பது, 2019இல் சேர்ந்த ஃபோகஸ் மோடை. கவனத்தைக் கலைக்கும் செயலிகளைத் தேர்ந்தெடுத்து, கிழமையும் நேரமும் குறித்துவிட்டால், அந்த நேரம் வந்ததும் அவை தாமாகவே முடங்குகின்றன. அவற்றின் அறிவிப்புகளும் அந்த நேரம் முடியும்வரை காத்திருக்கின்றன. டைமர், கவனம் சிதறிய பிறகு நேரத்தை எண்ணுகிறது. இதுவோ அழைப்பு மணியையே நிறுத்திவிடுகிறது. இதையும் அணைத்துவிடலாம் என்றாலும், கூப்பிடாத வீட்டுக்கு வலியப் போகக் கை சற்றுத் தயங்குகிறது. அவசரத்துக்கு 5, 15 அல்லது 30 நிமிட இடைவேளை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு; நான் ஐந்தைத் தாண்டுவதில்லை.

உறங்கும் நேரத்தில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியும் உண்டு. நிறம் போனதும் சிறு காணொலிகளின் கவர்ச்சியில் பாதி போய்விடுகிறது.

வாட்ஸ்அப்பை மட்டும் நான் முடக்கவில்லை, வெளியூர் உறவினர்கள் அதில்தான் அழைக்கிறார்கள். அதனால் குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, குடியிருப்போர் குழு ஆகியவற்றை அதற்குள்ளேயே தனித்தனியாக ஒலியடக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தருவதில்லை.