தார், ஜிம்னி வண்டிகளுக்கு எந்த ஸ்கேனர்?

மீட்டரில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் வசதி) விளக்கும் இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் வசதி) விளக்கும் சேர்ந்து எரிகின்றன. வண்டியின் கோளாறைப் படித்துப் போனுக்கு அனுப்பும் 500 ரூபாய் டாங்கிளைச் செருகிப் பார்த்தால், போனில் உள்ள ஆப் "கோளாறு எதுவும் இல்லை" என்கிறது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி புலம்பும் விஷயம் இது. டாங்கிள் பொய் சொல்லவில்லை. அது எஞ்சினிடம் மட்டும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேனர் படிப்பதற்கான ஓபிடி-2 விதிகள் வந்ததே புகையைக் கட்டுப்படுத்தத்தான். எந்த ஸ்கேனரும் எந்த வண்டியையும் படிக்கலாம் என்ற பொதுவசதி, புகையோடு சம்பந்தப்பட்ட எஞ்சின் பக்கக் கோளாறுகளுக்கே உறுதி. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தன் இஷ்டப்படி பேசும் மொழி. டவுனுக்குள் ஓடும் காருக்கு எஞ்சின் கோளாறுக் குறியீடு தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் பாறையிலும் சேற்றிலும் முதலில் அடிபடுவது எஞ்சினா என்ன? சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் வேக சென்சாரின் ஒயர்தான். மஹிந்திரா தாரில் சும்மா சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கும் டிஃபரன்ஷியல் வசதி, சுசுகி ஜிம்னியில் அதே வேலையைச் செய்யும் பிரேக் எல்எஸ்டி, இரண்டுமே அந்த சென்சாரை நம்பித்தான் இயங்குகின்றன. ஒரு ஒயர் அறுந்தால் போதும், ஏற்றத்தில் ஒரு சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பின்னச்சில் இரு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர் உள்ள தார் எப்படியோ சமாளித்துவிடும். ஜிம்னிக்கு அந்த ஆறுதல் இல்லை. முன்னும் பின்னும் கையால் லாக் போடும் ஃபோர்ஸ் கூர்க்கா வண்டிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

ஆகவே நான் ஸ்கேனர்களைத் தரம் பிரிப்பது ஒரே கேள்வியை வைத்துத்தான்: என் வண்டியில் ஏபிஎஸ்ஸைக் கவனிக்கும் தனிக் கம்ப்யூட்டரான ஏபிஎஸ் மாட்யூலுக்குள் போகுமா, போகாதா?

முதலில் மலிவு டாங்கிள்கள். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2005 வாக்கில் கொண்டுவந்த இஎல்எம்327 சிப்பின் நகல்கள் இவை. பலவற்றின் மேல் "வி1.5" என்று அச்சடித்திருப்பார்கள். அந்தக் கம்பெனி அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை என்பது தனிக்கதை. "வி2.1" என்று சொல்லிக்கொள்ளும் நகல்கள் பலவற்றில் அசலில் உள்ள கட்டளைகளில் சில வேலையே செய்யாது. எஞ்சின் குறியீடு படிக்க, கூலன்ட் வெப்பம் பார்க்க, எஞ்சின் விவரங்களைப் போனில் காட்டும் டார்க் ஆப்பில் முள் ஆடுவதை ரசிக்க இது போதும். ஆனால் வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள். ஓபிடி போர்ட்டின் 16-ஆவது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். நகல்கள் தூங்குவதில்லை. காட்டோரம் சில நாள் நிறுத்திவைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஓபிடிலிங்க், விலிங்கர் போன்ற தரமான அடாப்டர்கள். விலை பல மடங்கு. ஆனால் வேகமும் நம்பகமும் வேறு ரகம். ஓபிடிலிங்க் எம்எக்ஸ்+ வண்டி அணைந்ததும் தானே உறங்கிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பழைய வகை புளூடூத் டாங்கிள்கள் பெரும்பாலும் ஐபோனோடு சேராது. அடாப்டர் என்னவோ வாய்தான், பேசும் மொழி ஆப்பில் இருக்கிறது. இங்கேதான் ஜிம்னிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். சுசுகி வண்டிகளுக்கென்றே எழுதப்பட்ட எஸ்இசட் வியூவர் என்ற ஆண்ட்ராய்டு ஆப், எஞ்சினைத் தாண்டி ஏபிஎஸ் உள்ளிட்ட மற்ற மாட்யூல்களின் குறியீடுகளையும் படிக்கும். ஜிம்னிக்கு நல்ல அடாப்டரும் இந்த ஆப்பும் போதும், மேலே செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

தாருக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. பொதுவான ஆப்கள் மஹிந்திராவின் ஏபிஎஸ்ஸுக்குள் போகும் என்று நம்பிப் பணம் போட முடியாது. திங்க்டயக், லான்ச் போன்ற, கம்பெனிவாரியாக மென்பொருள் ஏற்றிக்கொள்ளும் டாங்கிள்கள்தான் இங்கே பொருத்தம். போன்தான் திரை, மஹிந்திராவுக்கான மென்பொருளை இறக்கிக்கொண்டால் மாட்யூல் மாட்யூலாகத் திறக்கும். இதில் உள்ள குத்தல் சந்தா. பொதுவாக ஓரிரு ஆண்டு அப்டேட் இலவசம், அப்புறம் காசு. மலைக்குப் போகும் முன் வீட்டு வைஃபையிலேயே மென்பொருளை இறக்கி, ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் லாகின் கேட்டு நிற்கும் ஸ்கேனரால் யாருக்கு என்ன பயன்?

ஏபிஎஸ்ஸுக்குள் போனபின் என்ன கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். சி0035 என்று குறியீடு வந்தால் முன் இடது சக்கரத்தின் சென்சார் பக்கம் கோளாறு. சென்சாரா, ஒயரா, பேரிங்கா என்று அது சொல்லாது. லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வண்டியை மெதுவாக உருட்டுங்கள். மூன்று சக்கரம் 8, 8, 8 என்று காட்ட, நான்காவது 0-விலேயே கிடந்தால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், இல்லை கனெக்டர் கழன்றிருக்கும். 8, 0, 7, 0 என்று துள்ளினால் சேறு ஒட்டியிருக்கலாம், இல்லை சென்சார் வேகத்தைப் படிக்கும் வளையம் அடிபட்டிருக்கலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் எண் அறுபட்டால், ஒயர் இழுபடும் இடத்தைத் தேடுங்கள். காட்டிலேயே டேப் சுற்றி வீடு வந்துவிடலாம்.

கையடக்கக் கோட் ரீடர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியும் போனும் வேண்டாம் என்பது வசதி. எஞ்சின் மட்டும் படிக்கும் மாடல்களுக்கு 500 ரூபாய் டாங்கிளின் அதே குறைதான்.

லான்ச், ஆட்டெல் வகை டேப்லெட்கள் மெக்கானிக்குகளின் சாமான். டிபிஎஃப் ரீஜென் (டீசல் புகைக்கரி வடிகட்டியைச் சூடேற்றிக் கரியை எரிப்பது), ஸ்டீயரிங் கோண சென்சாரை பூஜ்யப்படுத்துவது, இன்ஜெக்டர் எண் பதிவது எல்லாம் செய்யும். டீசல் தார் வைத்து எப்போதும் லோ ரேஞ்சில் ஊர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு டிபிஎஃப் நிரம்புவது உண்மையான தலைவலிதான், எக்ஸாஸ்ட் போதிய சூடேறாததால் புகைக்கரி எரியாது. ஆனால் ரீஜென் பட்டன் கையில் இருக்கிறதே என்று காட்டில் அமுக்காதீர்கள். உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும், அடியில் காய்ந்த புல் இருந்தால் தீதான். நெடுஞ்சாலைக்கு வந்து அரைமணி நேரம் சீராக ஓட்டுவது பல நேரம் அந்த வேலையைத் தானே முடித்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து பயணம் போகும் குழுவானால் ஒரு டேப்லெட் பொதுவில் வாங்கலாம். தனியாளுக்கு அது வீண். வாரன்டி உள்ள வண்டியில் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வண்டியின் அமைப்பை மாற்றும் கோடிங் பக்கம் கை வைக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் குறியீட்டை அழிக்கும் முன் திரையைப் படம் பிடித்துவிடுங்கள். அழித்தால் கோளாறு வந்த நொடியில் பதிவான விவரமும் சேர்ந்து போய்விடும், பிறகு மெக்கானிக் இருட்டில் தேடவேண்டியதுதான். கொழுக்குமலை ஏறும் பழைய ஜீப்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, செருக போர்ட்டே இல்லை.

கடையில் "மஹிந்திரா சப்போர்ட் உண்டு" என்ற வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், உங்கள் மாடல், உங்கள் வருடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏபிஎஸ்ஸைத் திறந்து நான்கு சக்கர வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள். "அது அப்டேட்ல வந்துடும் சார்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.