பழைய காருக்கு இன்ஜின் வேலை: செய்யலாமா, தள்ளிவிடலாமா?

போன சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பும்போது, திருமயம் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. நிழல் கிடைக்கட்டும் என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். இன்ஜினைக் கெடுத்தது அந்த இரண்டு கிலோமீட்டர்தான். மறுநாள் ஆயில் மூடியைத் திறந்தால், உள்பக்கம் முழுக்கப் பால் காபி நிறத்தில் நுரை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது.

வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,90,000 கி.மீ. ஓடியது. மெக்கானிக் சொன்ன கணக்கு இது: ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேலை மட்டும் என்றால் 30,000 ரூபாய், பிஸ்டன், ரிங் வரை மாற்றும் முழு இன்ஜின் வேலை 85,000, செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கி மாட்டினால் 70,000. அப்படியே விற்றால் 1,10,000 கிடைக்கும்.

"ஒரு லட்ச ரூபா வண்டிக்கு 85,000 செலவா?" என்று அப்பத்தா முதல் எல்லாரும் கேட்டார்கள். ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவதே தவறு என்பேன். அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். விற்ற காசோடு 85,000 சேர்த்தால் 1,95,000. அந்த விலைக்கு நான் பார்த்த வண்டிகள் எல்லாம் என்னுடையதைவிடப் பழையவை. யார் ஓட்டியது, எப்போது ஆயில் மாற்றியது, எதுவும் தெரியாது. என் வண்டிக்கு ஆயில் மாற்றிய சீட்டு ஒவ்வொன்றும் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.

ஹெட் வேலை மட்டும் போதாதா? ஆசைதான். கழற்றிய ஹெட்டின் மேல் ஸ்கேல் வைத்துக் காட்டினார் மெக்கானிக். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்துச் சீவிவிடலாம். அப்புறம் என் விரலைப் பிடித்து சிலிண்டர் சுவரில் கீழிருந்து மேலாக நகத்தால் வருடச் சொன்னார். மேல்பக்கம் ஒரு விளிம்பில் நகம் தட்டியது. "சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ஞ்சிருக்கு அண்ணே. மேல மட்டும் டைட் பண்ணினா கீழ தாங்காது, ஆறு மாசத்துல திரும்பக் கழட்டணும்" என்றார். நகம் தட்டாமல் வழுக்கியிருந்தால் 30,000-த்தோடு முடித்திருப்பேன். ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் முழு வேலைக்கு யாரும் தலையாட்டாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் இந்த வண்டிக்குக் கிடைக்கும். ஃபியட் வடிவமைத்த இதே 1.3 லிட்டர் டீசல்தான் டிசையர், ரிட்ஸ், எர்டிகாவிலும் வந்தது. மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்தினாலும் பார்ட்ஸ் பஞ்சம் இல்லாததற்கு அதுதான் காரணம். ஆனால் ஓடுகிற சத்தத்தைக் கேட்காமல் இன்ஜின் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு பிடிப்பது போல. மாட்டிய இன்ஜினின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜின் என்றால் அதற்கும் வழியில்லை, நாளைக்கு இன்ஷூரன்ஸிலும் சிக்கல்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பாடியைப் பாருங்கள். நம் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் காற்று வறண்டது, துரு மெதுவாகத்தான் பிடிக்கும். சென்னையில் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் ஜாக்கி வைக்கிற இடத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், விற்றுவிடுங்கள்.

பெரிய வீட்டு ஷெட்டில் வருஷம் முழுக்க நின்று, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் மட்டும் வெளியே வருகிற கார்களின் கதை வேறு. ஓடாமலே டயரில் வெடிப்பு விழும், பேட்டரி சாகும், ரப்பர் சீல் காய்ந்து ஆயில் கசியும். இன்ஜின் வேலை பார்த்து மறுபடி பூட்டி வைப்பதில் என்ன பயன்? ஊருக்கு வந்து இருக்கிற பத்து நாளுக்கு வாடகைக் கார் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். அப்பச்சி ஓட்டிய அம்பாசடர் என்றால் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் முழு வேலைதான் பார்த்தேன். கழற்றிய பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டேன். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. முதல் 1,000 கி.மீ. விரட்டாமல் ஓட்டி ஆயில் மாற்றினேன். இப்போது 14,000 கி.மீ. ஆகிறது, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கவில்லை. 2027-இல் 15 வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022-இல் 600-லிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். அதற்கும் பசுமை வரிக்கும் இப்போதிருந்தே தனியாக எடுத்து வைக்கிறேன்.