பென்டிரைவுக்குள் ஒரு பணிமேசை: போர்ட்டபிள்ஆப்ஸ் மெனு பற்றிய மதிப்புரை

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். வாரத்தில் மூன்று நாளாவது வெவ்வேறு டிடிபி மையங்களுக்குச் சென்று, அங்கே காலியாக இருக்கும் கணினியின் முன் அமர்ந்து, பக்க அமைப்பாளர் எடுத்துத் தரும் கோப்புகளைப் படித்துத் திருத்தித் தர வேண்டியிருக்கிறது. ஒரு மையத்தில் பிடிஎஃப் படிக்கும் மென்பொருள் எப்போதோ காலாவதியாகியிருக்கும். இன்னொன்றில் வேர்டு உரிமம் முடிந்துபோய், கோப்பைப் பார்க்கலாம், தொடக் கூடாது என்ற நிலையில் நிற்கும். மூன்றாவது மையத்தில் எதை நிறுவப் போனாலும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். அந்த நிர்வாகியோ பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். இந்தத் தொல்லைக்காகத்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் மென்பொருள்களைக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே திறக்க உதவும் போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற இலவச மெனுவை ஒரு பென்டிரைவில் அமைத்தேன். அன்று முதல் அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஜான் ஹாலர் என்பவர் 2004ஆம் ஆண்டில் ஃபயர்பாக்ஸ் உலாவியைக் கணினியில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயங்கும்படி மாற்றி வெளியிட்டதில் தொடங்கியது இந்த முயற்சி. பின்னர் ஆவணங்களை எழுதித் திருத்தும் லிப்ரேஆபிஸ், விஎல்சி, கிம்ப், செவன்ஜிப், நோட்பேட்++, சுமத்ரா பிடிஎஃப், கீபாஸ் என்று நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் அதே முறையில் சேர்ந்துகொண்டன. அவற்றை ஒரே இடத்தில் திறப்பதற்கு மெனுவும் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சான்டிஸ்க் முதலிய நிறுவனங்கள் இதே நோக்கத்துக்கு யூ3 என்ற முறையை முன்னெடுத்தன. அதற்கென்றே செய்யப்பட்ட பென்டிரைவ் வேண்டும் என்பதுதான் அதன் குறை; 2009 வாக்கில் அது கைவிடப்பட்டது. போர்ட்டபிள்ஆப்ஸுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கடையில் கிடைக்கும் எந்தப் பென்டிரைவும் போதும் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எந்தப் பென்டிரைவும் போதாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமைக்கும் வேலை எளிது. சில எம்பி அளவேயுள்ள நிறுவல் கோப்பைப் பதிவிறக்கித் திறந்தால், எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைச் சுட்டிக்காட்ட வேண்டியதுதான். முடிந்ததும் பென்டிரைவைத் திறந்து பார்த்தால் ஸ்டார்ட் என்ற ஒரு நிரலும், ஆவணங்களுக்கு ஒரு கோப்புறையும், செயலிகளுக்கு ஒரு கோப்புறையும் மட்டுமே இருக்கும். அதன்பின் மெனு தானாகவே தன் செயலிப் பட்டியலை வகைவாரியாக விரிக்கிறது. வேண்டியவற்றுக்கு நேரே டிக் அடித்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். முதன்முறை உற்சாகத்தில் முப்பதுக்கு மேல் டிக் அடித்தேன். இன்று அவற்றில் ஒன்பதுதான் மிஞ்சியிருக்கின்றன. விளையாட்டுகளையும் கடிகாரங்களையும் சேர்க்காமலிருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.

மெனுவின் தோற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விண்டோஸ் 7 காலத்து ஸ்டார்ட் மெனுவை நினைவூட்டும் பெட்டி ஒன்று திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் எழுகிறது. இடப்பக்கம் செயலிகள், வலப்பக்கம் ஆவணக் கோப்புறைகள், அடியில் பென்டிரைவில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்ற கணக்கு. நிறத்தை மாற்றலாம். நாள்தோறும் திறப்பவற்றை விருப்பப் பட்டியலில் ஏற்றி மேலே நிறுத்தலாம், பெயரை மாற்றலாம், வேண்டாததை மறைக்கலாம். எந்தச் செயலி மெனுவோடு சேர்ந்தே தொடங்க வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம்.

என் பார்வையில் இதன் சிறப்பு அந்தப் பெட்டியில் இல்லை. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கோப்புறை ஒழுங்கில் இருக்கிறது. ஒவ்வொரு செயலியின் கோப்புறைக்குள்ளும் ஆப் என்றும் டேட்டா என்றும் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. மென்பொருளின் உடல் முழுவதும் ஆப் பகுதியில்; நாம் செய்த அமைப்புகள், புத்தகக்குறிகள், சேமித்த சொற்பட்டியல்கள் யாவும் டேட்டா பகுதியில். செயலியைத் திறக்கும்போது உண்மையில் முதலில் ஓடுவது ஒரு சிறிய ஏவு நிரல். அது டேட்டாவிலுள்ள அமைப்புகளை அந்தக் கணினி எதிர்பார்க்கும் இடத்தில் வைத்து, மென்பொருளை ஓட்டி, நாம் மூடியதும் அவற்றைத் திரும்பப் பென்டிரைவுக்கு எடுத்துக்கொண்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தான் மாற்றியதையும் பழையபடி ஆக்கிவிட்டு வெளியேறுகிறது. வாடகை வீட்டில் குடியேறி ஆணி அடித்தவர், காலி செய்யும்போது ஆணியைப் பிடுங்கி, ஓட்டையையும் அடைத்துவிட்டுப் போவது போல. புதுப்பிப்பு வரும்போது ஆப் பகுதி மட்டும் மாறுகிறது, டேட்டாவை யாரும் தொடுவதில்லை. ஆகவே உங்கள் சொந்தக் கோப்பு எதையும் ஆப் பகுதிக்குள் வைத்துவிடாதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் அது காணாமல் போகக்கூடும்.

இந்த ஒழுங்கின் அருமை ஒரு நாள் என் அவசரத்தால்தான் எனக்கு விளங்கியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஏவு நிரலுக்குத் துப்புரவு செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை. மறுநாள் வேறு கணினியில் திறந்தபோது, முந்தைய முறை சரியாக மூடப்படவில்லை என்ற அறிவிப்பு வந்தது; கடைசியாகச் சேமித்த சில புத்தகக்குறிகளும் போயிருந்தன. மெனுவின் அடியிலேயே வெளியேற்றும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் திறந்திருக்கும் செயலிகளை மூடச் சொல்லிவிட்டுத்தான் பென்டிரைவை விடுவிக்கும். அதற்கு ஆகும் பத்து நொடியைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இதைப் பயன்படுத்தாமலிருப்பது நல்லது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதில் தனியே ஒரு லாபம் உண்டு. அது எழுத்துரு வசதி. யூனிகோடு எவ்வளவோ பரவிவிட்ட பின்னும், அச்சகங்களில் பாமினி முதலிய, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் பழைய குறியாக்க எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியொரு கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். “ஃபான்ட் இல்ல சார், முதலாளி வந்துதான் போடணும்” என்ற பதிலை நான் கேட்ட நாட்களுக்குக் கணக்கில்லை. போர்ட்டபிள்ஆப்ஸில் எழுத்துருக்களுக்கென்று தனியே ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் போட்டு வைத்தவற்றை, மெனு திறந்திருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கணினியில் பயன்படுத்திக்கொள்ளலாம். மெனுவை மூடினால் அவையும் விலகிவிடும். முதலாளி வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மெனுவுக்கு முன்பே திறந்துவைத்த மென்பொருளில் எழுத்துரு தெரியாவிட்டால், அதை ஒரு முறை மூடித் திறந்தால் சரியாகிவிடும். உரிமம் பெற்று வாங்கிய எழுத்துருவை இப்படி எடுத்துச் செல்ல அனுமதி உண்டா என்பதை அதன் உரிம விதியில் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

எழுத்துருவைக் கொண்டுசெல்ல முடிவதுபோல் தமிழ் விசைப்பலகை முறையை இந்த மெனுவால் கொண்டுசெல்ல முடியவில்லை என்பது ஒரு மனக்குறை. விண்டோஸோடு வரும் தமிழ்99 போன்ற தட்டச்சு முறை அதன் மொழி அமைப்போடு சேர்ந்தது. அது அந்தந்தக் கணினியில் இருந்தால்தான் உண்டு. திருத்தம் செய்பவனுக்கு இது பெரிய தடையில்லை, ஆனால் புதிதாகப் பக்கம் பக்கமாக எழுதுபவருக்குத் தடைதான்.

இனிப் பென்டிரைவுக்கு வருகிறேன். ஒரு பெரிய படத்தை நகலெடுப்பதற்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எழுதுவதற்கும் வேறுபாடு மிக அதிகம். மலிவான பென்டிரைவுகள் முதல் வேலையில் சுமாராக ஓடி, இரண்டாவதில் படுத்துவிடுகின்றன. லிப்ரேஆபிஸ் முழுக்க முழுக்க இந்த இரண்டாம் வகை. என் பழைய யூஎஸ்பி 2 பென்டிரைவில் அது ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. தரமான யூஎஸ்பி 3 பென்டிரைவுக்கு மாறியபின் சில நிமிடங்களில் முடிகிறது. உறையில் எழுதியிருக்கும் கொள்ளளவையும் நம்பிவிடக் கூடாது. நடைபாதைக் கடையில் 128 ஜிபி என்று சொல்லி நான் வாங்கிய ஒன்றில் உண்மையில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட இல்லை. அதற்கு மேல் எழுதியவை எல்லாம், எழுதப்பட்டது போலப் பாவனை காட்டிவிட்டுக் காற்றில் கலந்துவிட்டன. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச நிரல், பென்டிரைவின் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். புதிதாக எதை வாங்கினாலும் அதை ஒருமுறை ஓட்டிய பிறகே மெனுவை அமைக்கிறேன்.

எந்தக் கோப்பு முறையில், அதாவது கோப்புகளைப் பென்டிரைவில் அடுக்கும் எந்த முறையில், ஃபார்மேட் செய்வது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் 64 ஜிபி பென்டிரைவை விண்டோஸ் இயல்பாக எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் ஒவ்வொரு கோப்பும், அது ஒரே ஒரு வரியாக இருந்தாலும், குறைந்தது 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறு கோப்புகள் மலிந்த செயலிக் கோப்புறைகள் இதனால் வீங்கிவிடுகின்றன. மூன்றாவது முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அந்தக் குறைந்தபட்ச அளவு இயல்பாக 4 கேபிதான். விண்டோஸ் கணினிகளில் மட்டுமே செருகுவதானால் என் தேர்வு என்டிஎஃப்எஸ். அதே பென்டிரைவைத் தொலைக்காட்சியிலும் காரிலும் செருகிப் பாட்டுக் கேட்பவர்கள், அங்கே என்டிஎஃப்எஸ் எடுபடாமல் போகலாம் என்பதால், பாட்டுக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளட்டும்.

பென்டிரைவைச் செருகியதும் மெனு தானாகத் திறக்காதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் திறந்தது. பென்டிரைவ் வழியாக வைரஸ்கள் பரவியதைத் தடுக்க, விண்டோஸ் 7 முதல் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை நிறுத்தியது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே தடை புதுப்பிப்பாக வந்தது. இப்போது நாமே ஸ்டார்ட் நிரலை இரட்டைச் சொடுக்கித் திறக்க வேண்டும். அது நல்லதுக்குத்தான்.

ஏனென்றால் ஜெராக்ஸ் கடைக் கணினிகளின் நிலை இன்னும் பெரிதாக மாறவில்லை. ஒரு கடையில் இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, என் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. உண்மையான கோப்புறைகளை மறைத்து வைத்துவிட்டு அவற்றின் பெயரில் போலி ஷார்ட்கட்டுகளை வைக்கும் அந்த வைரஸ் பலருக்கும் அறிமுகமானதுதான். கட்டளைச் சாளரத்தில் அட்ரிப் கட்டளையால் மறைவை நீக்கி ஆவணங்களை மீட்கலாம், மீட்டேன். ஆனால் செயலிகளை நான் நம்பவில்லை. இயங்கு நிரல்களிலும் வைரஸ் ஒட்டியிருக்கலாம். பென்டிரைவை ஃபார்மேட் செய்து, மெனுவின் காப்புநகல் வசதியால் முன்பே வீட்டுக் கணினியில் எடுத்து வைத்திருந்ததைத் திரும்ப ஏற்றினேன். பென்டிரைவ் முழுவதையுமோ ஆவணங்களை மட்டுமோ காப்பு எடுக்க இந்த வசதி இடம் தருகிறது. வாரக்கடைசியில் ஒருமுறை முழு நகல் எடுப்பது என் வழக்கம். அன்றிலிருந்து பிரின்ட் எடுக்கப் போகும்போது வேறொரு சிறிய பென்டிரைவில் அந்த ஒரு பிடிஎஃப் கோப்பை மட்டுமே கொண்டுபோகிறேன்.

பயன்படுத்தத் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் சில. கணினியில் ஏற்கெனவே ஃபயர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் பென்டிரைவின் ஃபயர்பாக்ஸ் இயல்பான அமைப்பில் திறக்க மறுக்கும். முதலில் கணினியில் ஓடுவதை மூட வேண்டும், அல்லது பென்டிரைவிலுள்ளதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். குரோமைப் பொறுத்தவரை, சேமித்த கடவுச்சொற்களை அது அந்தந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டுவதால், இன்னொரு கணினிக்குப் போனால் அவை திறக்கா. கடவுச்சொற்களுக்கு நான் கீபாஸ் வைத்திருக்கிறேன். ஆயினும் அதை அந்நியக் கணினியில் திறப்பதில்லை, விசைகளை ஒட்டுக்கேட்கும் நிரல் அங்கே இருந்தால் எந்தப் பூட்டும் பயன்படாது. வெராகிரிப்ட் போன்ற மறையாக்கக் கருவியைப் பென்டிரைவிலிருந்து ஓட்டவும் நிர்வாகி அனுமதி தேவைப்படும். கணினியில் தடயமே இருக்காது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. எந்தப் பென்டிரைவ் செருகப்பட்டது என்ற குறிப்பை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்துக்கொள்கிறது. வங்கிகள், பெரிய அலுவலகங்கள் போன்ற இடங்களில் யூஎஸ்பி துளையே அடைக்கப்பட்டிருக்கும், அல்லது வெளி நிரல்கள் ஓடத் தடை இருக்கும். அங்கே இதை முயன்று பார்ப்பது வேலைக்கு உலை வைத்துக்கொள்வதாகும்.

மாற்று வேண்டுவோருக்குச் சைமெனு என்ற இன்னொரு மெனு உண்டு. நிர்சாஃப்ட், சிஸ்இன்டர்னல்ஸ் போன்ற தொகுப்புகளின் சிறு கருவிகளை நூற்றுக்கணக்கில் குவித்து வைத்திருக்கும் கணினிப் பழுதுபார்ப்பவர்களுக்கு அது பொருத்தமானது. நான்கைந்து படிகளாகக் கிளைக்கும் பட்டியலை அதில் அழகாக அமைக்கலாம். போர்ட்டபிள்ஆப்ஸ் மெனுவிலும் வெளிச் செயலியைச் சேர்க்க முடியும்: செயலிக் கோப்புறைக்குள் அதற்கென ஒரு கோப்புறை அமைத்துப் போட்டால் போதும், மெனு தானே கண்டுகொள்ளும். ஆனால் அந்தக் கோப்புறையில் பத்து இயங்கு நிரல் இருந்தால் பத்தையும் பட்டியலில் கொட்டிவிடும். அவற்றில் ஒன்பதை ஒவ்வொன்றாக மறைக்கும் வேலை நம் தலையில் விழும்.

இப்போது என் மெனுவில் இருப்பவை லிப்ரேஆபிஸ், சுமத்ரா, நோட்பேட்++, ஃபயர்பாக்ஸ், செவன்ஜிப் முதலாக ஒன்பது செயலிகளும், பதினான்கு எழுத்துருக்களும். சென்ற வாரம் புதிதாக ஒரு மையத்துக்குப் போனபோது, அங்கிருந்த பெண் பக்க அமைப்பாளர் பாமினிக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்துவிட்டு முதலாளிக்குத் தொலைபேசியை எடுத்தார். அவர் எண்ணை ஒற்றி முடிப்பதற்குள் திரையில் தமிழ் வந்துவிட்டது.